திரு. இல்லை இன்னும் பிறக்கவில்லை

உ

புத்தூர், சித்தூர் ஜில்லா
25-7-2002, வியாழக்கிழமை

சௌபாக்கியவதி ரூபாவுக்கு நைனா தணிகாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா பொன்னியம்மாளும், என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக, சௌக்கியம். எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வருகிற ஊரிலேயே இருந்துகொண்டு எனக்கு மட்டும் முழங்கால் வலி தீரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், ஆகையால் சொல்வதையே விட்டுவிட்டேன். ஹைதராபாத்தில் மழை எப்படி, ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பதற்கெல்லாம் நீ பதில் எழுத வேண்டாம், நேற்றுச் சாயங்காலம் போனிலேயே சொல்லிவிட்டாய். ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்டுத்தான் ஆகவேண்டும், அது முறை.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை, காகிதத்தில் வந்தால்தான் அது ஃபைலுக்குப் போகும் என்பது என் சர்வீஸில் நான் கண்டது. ஆகவே திருப்பதியில் உள்ள அந்தத் தனியார் சத்திரத்துக்காக, யாத்திரை வருகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்தே அறைக்குப் பதிவு செய்துகொள்ளும்படி நீ தயார் செய்திருக்கும் இன்டர்நெட் ஃபார்ம் சம்பந்தமாக எழுத்து மூலம் புகார் செய்கிறேன். இதை உன் மேனேஜர் வரதராஜன் அவர்களுக்கும் நீ தாராளமாகப் படித்துக் காட்டலாம். ஜூன் மாதம் நீ என்ன சொன்னாய்? "எங்க ஆபீஸ்ல இருக்கறவங்க ரொப்புனா சரியாத்தான் போவுது நைனா. உங்கள மாதிரி ஒருத்தர் ரொப்பி உள்ள போச்சுன்னாத்தான் அது ஃபார்ம்" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. இந்த வேலை பழுதில்லாமல் முடிந்தால் உன்னை அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு யாரோ போவார்கள் என்றும் சொன்னாய். பெண்ணின் சீட்டு என் கையில் இருக்கிறது என்று அன்றைக்கே இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் பேனாவையும் சொருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முரளி வைத்திருக்கும் இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். அங்கே பேனாவுக்கு வேலை இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு மனு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. முப்பத்தொரு வருஷம் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். தாலுகா ஆபீஸ் இருந்தபோதும் நான்தான், அது மண்டல ஆபீஸ் ஆனபோதும் நான்தான், ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் போய் நீலப் பெயின்ட் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தப்பான மனுவை நான் வாங்கியதே கிடையாது, அது ஊருக்கே தெரியும், என்னைத் "திருப்பி அனுப்புற தணிகாசலம்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் காரணம் எழுதாமல் ஒரு காகிதத்தையும் நான் திருப்பியதில்லை. சிவப்புப் பென்சிலால் இடது ஓரத்தில் "தேதி இல்லை", "சாட்சிக் கையெழுத்து இல்லை" என்று எழுதி, தெலுங்கு தெரிந்தவருக்குத் தெலுங்கிலும் நம்மவருக்குத் தமிழிலும் வாயாலும் சொல்லித்தான் அனுப்புவேன். உன் சர்வர் என்ன செய்கிறது? "தவறான பதிவு, மீண்டும் முயலவும்" என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சிவப்பாகக் காட்டிவிட்டு, நான் நாற்பது நிமிஷம் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்ததையெல்லாம் துடைத்து, வெறும் பெட்டிகளை என் முன்னால் வைக்கிறது. எது தவறு, எந்தப் பெட்டியில் தவறு, ஒரு பேச்சும் கிடையாது. நான் அப்படி ஒருநாள் செய்திருந்தால் ஜனங்கள் ஜன்னலைப் பெயர்த்திருப்பார்கள்.

அந்த நாற்பது நிமிஷமே ஒரு குற்றம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஒருவர் ரொப்பிக்கொண்டிருந்தால் அவர் எழுந்து போய்விட்டதாக உன் சர்வர் நினைத்துக்கொள்ளுமாம். நான் எங்கே எழுந்து போனேன், முரளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னதும் நீ அன்றே போன் பண்ணி, இருபதை ஒருமணி நேரமாக மாற்றினாய். அடுத்தது இன்டி பேரு. இந்த ஆந்திராவில் பிறந்து வளர்ந்து பென்ஷனும் வாங்கியாகிவிட்டது, இன்னும் இந்த இன்டி பேரு என்னை விடமாட்டேன் என்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் கேட்டார், நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் ஐயா, வீட்டுப் பெயர் கிடையாது என்று சொல்லி மாளவில்லை. உன் ஃபார்மிலும் அதே பெட்டி, மூன்று எழுத்தாவது வேண்டும் என்று அடம். என் அப்பா வேதாச்சலத்தின் ஓர் எழுத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? இல்லாததை இல்லை என்று சொல்வதுதான் நேர்மை என்று அந்தப் பெட்டியில் "இல்லை" என்றே அடித்தேன். அதை ஏற்றுக்கொண்டு, "திரு. இல்லை அவர்களே, உங்கள் பதிவு தவறானது" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. ஓர் எழுத்தும் போதும் என்று நீ மாற்றும் வரைக்கும், மூன்று நாள் முரளி என்னைத் திரு. இல்லை என்றுதான் கூப்பிட்டான்.

பிறந்த வருஷத்துக்கு இரண்டு எழுத்துதான் இடம் விட்டிருந்தாய். 41 என்று அடித்தேன். அன்று சாயங்காலம் நீ போனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் சர்வர் அதை இரண்டாயிரத்து நாற்பத்தொன்று என்று எடுத்துக்கொண்டு விட்டதாம். "நைனா, நீங்க இன்னும் பொறக்கவே இல்ல" என்றாய். அம்மாவிடம் சொன்னேன், பிறக்காத ஆளுக்கு முப்பது வருஷமாகச் சோறு போட்டுக்கினு இருக்கேனா என்று அவள் பங்குக்குக் கேட்டாள். ஆக நான் இல்லை என்ற பெயருடைய, இன்னும் பிறக்காத ஒரு யாத்ரீகன். அதுவும் சரி செய்தாய். பிறகு நம் கதவு எண் 4-37/A-இல் நடுவில் இருக்கும் சாய்கோடு ஆகாது என்றது, அதையும் சரி செய்தாய். கடைசியாக ரகசியக் கேள்வி என்று ஒன்று, உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார் என்று. பெயரை மட்டும் கேட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் சண்முகம் வாத்தியாரைப் பற்றி ஒருவர் கேட்டால் ஒரு வார்த்தையிலா முடியும்? அவர் வரதய்யபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்தும் ஒரே கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதிப் போட்டதையும், இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து எங்கள் எல்லாருக்கும் இரண்டும் வந்துவிட்டதையும் சுருக்கமாக அடித்தேன். பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஆகாது என்று அது திருப்பிவிட்டது. நீ மட்டும் போனில் முழுக்கதையும் கேட்டாய். இருபத்தைந்து வருஷம் உங்கள் மகளாக இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாதே நைனா என்றாய்.

இதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் போன் பண்ணுவாய். நல்லா இருக்கீங்களா, துன்னீங்களா, அம்மா எங்க, சரி வச்சிடறேன், மூன்று நிமிஷம். இந்த ஃபார்ம் வந்த பிறகு தினமும் ஆறரைக்கு மணி அடிக்கிறது. ஆறு மணிக்கே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து போன் பக்கத்தில் குந்திக்கொள்கிறாள். முதல் பெட்டியில் என்ன அடித்தீர்கள், இரண்டாம் பெட்டியில் என்ன அடித்தீர்கள் என்று நீ ஆரம்பித்து, எங்கெங்கோ போய், முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. அன்றொரு நாள் நீயே ஞாபகப்படுத்தினாய், இரண்டாம் வகுப்பில் நீ எனக்கு மனு எழுதுவாயே, அதை. ஆபீசில் வீணாகிப்போன ஃபார்ம்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன், அதன் பின்பக்கத்தில் "பொருள்: பஞ்சு மிட்டாய்" என்று எழுதி, ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவாய். நானும் விடமாட்டேன். தேதி இல்லை என்று ஒரு தடவை திருப்பினேன். கையெழுத்து இல்லை என்று இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, மேலே பிள்ளையார் சுழி இல்லை, சுழி போடாத காகிதத்தை உன் நைனா கையால் தொடமாட்டான் என்று அதையும் திருப்பினேன். நீ அழுதுகொண்டே சுழி போட்டு வருவதற்குள் பஞ்சு மிட்டாய்க்காரன் மணியை ஆட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டான். உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ரயில்வே கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தோம். கேட் போட்டிருந்ததால் பிடித்தோம், இல்லாவிட்டால் அவன் நகரிக்கே போயிருப்பான்.

அந்தச் சுழியால் உனக்குப் பள்ளிக்கூடத்தில் அடி விழுந்ததும் ஞாபகம் இருக்கிறதா. பரீட்சைக் காகிதத்தின் தலையில் நீ பக்தியாகச் சுழி போட்டாய். நம் சுழியும் தெலுங்கில் ரெண்டு என்று எழுதுவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கமலம்மா டீச்சர் நீயே உனக்கு ரெண்டு மார்க்குப் போட்டுக்கொண்டாய் என்று காதைத் திருகிவிட்டார். நான் போய்ச் சமாதானம் சொன்னேன். அன்றைக்கு உனக்கும் சொல்லிக் கொடுத்தேன், சுழியை எழுத வேண்டும், வாசிக்கக் கூடாது, அது பிள்ளையாருக்குப் போட்டது, விஷயத்தில் சேர்த்தி இல்லை என்று. இப்போது நினைத்துப் பார்த்தால் நீ மனு சரிபார்க்கும் வேலைக்குப் போனது அதிசயமில்லை. நான் சிவப்புப் பென்சிலால் செய்ததை நீ மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், காரணம் எழுதுவதை மட்டும் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டாய்.

இப்போது முக்கியமான புகாருக்கு வருகிறேன். இவ்வளவு சரி செய்த பிறகும் ஜூலை மாதம் பிறந்ததிலிருந்து அந்த ஃபார்ம் உள்ளே போகவில்லை. நானும் விடாமல் தினமும் போகிறேன். சரிபார்ப்பது இரண்டு இடத்தில் நடக்கிறது என்று நீ சொன்னதை நான் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஆபீஸ் வாசலில் அட்டெண்டர் நாகபூஷணம் நிற்பான், மனுவை ஒரு பார்வை பார்த்து, அம்மா நீ கையெழுத்தே போடலியே, போட்டுட்டு வா என்று அங்கேயே சொல்லிவிடுவான். அதைத் தாண்டி வந்ததை ஜன்னலுக்கு உள்ளே நான் பார்ப்பேன். அதேபோல் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு நாகபூஷணம், தூரத்தில் சர்வரில் ஒரு தணிகாசலம். "வாசல்ல இருக்கறவனை நம்பக் கூடாது நைனா, அவனை யார் வேணா ஏமாத்திட்டு வருவாங்க, உள்ள இருக்கறவன் எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்" என்று நீ சொன்னபோது நான் உன் அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்து, அதையே அவளுக்கும் ஒருதரம் சொல்லச் சொன்னேன். ஆனால் முரளி சென்டரில் விளம்பரமாகத் துள்ளித் துள்ளி வருகிறது என்று அவன் எதையோ அணைத்து வைத்ததில் வாசல் நாகபூஷணமும் சேர்ந்து அணைந்துவிட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரி லீவு, சாமியே கொடுக்கமாட்டேன் என்கிறது. ஆறாம் தேதி சனிக்கிழமை ரேணிகுண்டா வழியாக ரயிலில் திருப்பதிக்கே போய், அங்கே வேறொரு சென்டரில் வேறொரு மெஷினிலும் பார்த்துவிட்டேன். அங்கேயும் உள்ளே போகவில்லை. நீ எழுத்து எழுத்தாகக் கேட்டாய், நானும் எழுத்து எழுத்தாக வாசித்தேன், ஓர் எழுத்தும் விடவில்லை. அதையே நீ ஹைதராபாத்தில் அடித்தால் போகிறது, நான் புத்தூரில் அடித்தால் போகவில்லை. மெஷினுக்குக்கூட ஊர் பார்த்துப் பேசத் தெரிகிறது. நேற்று நீ, வரும் சனிக்கிழமை முதல் நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் அப்படியே உள்ளே பதிவாகும்படி செய்துவிட்டேன், என்ன தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம் என்றாய். எழுத்து எழுத்தாக வேவு பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இதையும் புகாரில் சேர்த்துக்கொள்.

திருப்பி அனுப்புவதில் ஒரு தர்மம் உண்டு என்பதற்கு உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தாலுகா ஆபீஸ் காலத்தில் பாலசமுத்திரத்திலிருந்து சின்னப்பன் என்று ஒரு கூலிக்காரர் வருவார். அவர் மகள் சுந்தரம்மாவை நம் புத்தூரிலேயே, ரயில் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் கட்டிக் கொடுத்திருந்தார். மகள் பெயரைத் தன் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தால்தான் மாமியார் வீட்டுக் கார்டில் சேர்ப்பார்கள், அதற்குத்தான் மனு. ஒரே பக்கம், ஆறே கேள்வி. அந்த மனுஷன் அதைப் பதினோரு தடவை தப்பாகக் கொண்டுவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை கைநாட்டு இருக்காது, கைநாட்டு இருந்தால் சாட்சி இருக்காது, சாட்சி இருந்தால் கார்டைக் கொண்டுவந்திருக்க மாட்டார். பதினோரு தடவையும் நான் காரணம் எழுதித் திருப்பினேன். முகம் சுளிக்கமாட்டார். "சரி சாமி, வர்ற செவ்வாக்கிழம வரேன்" என்று சிரித்துக்கொண்டே போவார். நாகபூஷணம்தான் ஒருநாள் சொன்னான், அந்த ஆள் இங்கிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார், பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் காரணம் இல்லாமல் அப்பன்காரன் எப்படிப் போவான், ஆபீசுல திருப்பிட்டாங்கம்மா என்று சொல்லிக்கொண்டு போகலாம் இல்லையா என்று. அதெல்லாம் ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றேன். பன்னிரண்டாம் தடவை அவர் வந்தபோது மனம் இரங்கி, நானே உட்கார்ந்து ரொப்பி, கைநாட்டு வாங்கி, நாகபூஷணத்தைச் சாட்சி போடவைத்து, ஆபீசர் கையெழுத்தும் வாங்கி, பத்து நிமிஷத்தில் மகள் பெயரை அடித்துக் கார்டைக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லவில்லை. அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அவரை நான் பார்க்கவே இல்லை. ஜனங்கள் அப்படித்தான், நாம் செய்வதைச் செய்ய வேண்டும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இப்படிக் காரணமே சொல்லத் தெரியாத ஒரு சர்வரை நீங்கள் வருகிற திங்கட்கிழமை சத்திரத்துக்காரர்களிடம் ஒப்படைப்பது நியாயமில்லை. இதை இன்னும் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வரதராஜன் அவர்களிடம் சொல். அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை, திருத்தணிக்கு அம்மா காவடி வேண்டிக்கொண்டிருக்கிறாள், நீ இல்லாமல் எப்படி? அப்புறம் விநாயக சவிதி, சுழிக்கு உடையவர், அவரைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. புரட்டாசி வந்துவிட்டால் திருப்பதியில் கூட்டம், அந்தச் சமயத்தில் சத்திரத்துக்காரர்களே புது ஏற்பாடு வேண்டாம் என்பார்கள். அதற்குள் தீபாவளி. தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா எங்கேயும் போய்விடாது, அங்கேயேதான் இருக்கும்.

உன் அம்மா உனக்கு ஆசி சொல்கிறாள், எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாளாம். ஏழுமலையானும் தணிகைமலையானும் உன் கண்ணையும் விரலையும் நோகாமல் காப்பாற்றட்டும். உன் அறையில் கூட இருக்கும் பெண் பத்மாவதிக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் நைனா,
வே. தணிகாசலம்
(இன்டி பேரு: இல்லை)

பின்குறிப்பு: மேலே எழுதிய நாலு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டதாக வைத்துக்கொள். மேனேஜருக்குக் காட்டாதே. கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன், அம்மா வேண்டாம், அதையும் அனுப்புங்கள், அவள் படிக்கட்டும் என்கிறாள்.

மத்தியானம் இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரு. இல்லை வரைக்கும் சிரித்தாள். சின்னப்பன் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முடித்ததும், "சின்னப்பன் கதையையும் எழுதிட்டு, கூச்சமில்லாம கீழ கையெழுத்தும் போட்டுக்கினு கீறீங்களே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரூபா, நான் எழுத்து எழுத்தாக வாசித்தேன் என்றது நிஜம். சுழியை மட்டும் வாசிக்கவில்லை, சுழியை வாசிக்கக் கூடாது. இங்கிலீஷ் பலகையில் நம் சுழி இல்லையே என்று முதல் நாளே தேடினேன், 2 இருந்தது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தது, அதைப் பெயருக்கு முன்னால் ஒன்று தட்டிவிட்டுத்தான் தணிகாசலம் என்று அடித்தேன். தினமும் அப்படித்தான் அடித்தேன். சத்தியமாக அது தப்பு என்று எனக்குத் தெரியாது. திருப்பதி சென்டரில் வாசல் நாகபூஷணம் முழித்துக்கொண்டிருந்தான். பெயரை அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவதற்குள், "பெயரில் எண்கள் இருக்கக் கூடாது" என்று ஒரு சின்னக் கட்டம் குதித்து வந்து என் முன்னால் நின்றது. முப்பத்தொரு வருஷம் திருப்பி அனுப்பினவனுக்குக் காரணத்தோடு திரும்பி வந்தது. உடனே உனக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொல்லத்தான் கிளம்பினேன். பூத்தில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், நிற்கும்போது யோசித்தேன், யோசித்ததும் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கி முடித்தாள். அப்புறம், "அந்த ரெண்டு இருந்துட்டுப் போவட்டும் உடுங்க. அது பாட்டுக்கு இருந்தா கொயந்த தினம் பேசுது" என்றாள். ஆகையால் முதல் ஐந்து தப்பு உன் சர்வருடையது. ஆறாவது எங்கள் இரண்டு பேருடையது. பத்தொன்பது நாள் உன்னை அலைய விட்டோம்.

இன்று கையெழுத்தைப் பற்றி அவ்வளவு பேசிய பிறகு அவளே சொன்னாள், "போதும், எடுத்துடுங்க. நம்ம பொண்ணு சீட்டுல வேற யாராவது குந்திக்கினு போயிடுவாங்க." நாலு மணிக்கு முரளி சென்டருக்குப் போனேன். மனசுக்குள்ளேயே பிள்ளையாருக்கு ஒரு சுழி போட்டுவிட்டு, வெறும் தணிகாசலம் என்று அடித்தேன். எல்லாப் பெட்டியும் ரொப்பித் தட்டினேன். ஒரு நொடிதான் ஆனது. "நன்றி, திரு. வே. தணிகாசலம். உங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்று வந்தது. முரளி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான், பக்கத்துக் கடையிலிருந்து டீ சொன்னான். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது தெரு முனையில்தான் ஞாபகம் வந்தது. சின்னப்பனுக்கு அந்த ஃபார்மை ரொப்பத் தெரியாமல் இல்லை, ரூபா. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இன்று ஆறரைக்கு நீ கூப்பிடும்போது இதைச் சொல்லிவிடுவேன். வாய் வராவிட்டால் இந்தக் கடிதம் சொல்லும், சனிக்கிழமை உன் மெஷின் வேவு பார்த்துச் சொல்வதற்கு முன்னால் என் கையெழுத்தில் உனக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கூரியரில் போடுகிறேன். திங்கட்கிழமையே ஒப்படைத்துவிடு. ஒரு மாதம், தீபாவளி என்று எழுதியதெல்லாம் கிழவன் புலம்பல். காவடியை அம்மாவே எடுத்துக்கொள்வாள், நீ எள்ளுருண்டைக்கு ஒருநாள் வந்துவிட்டுப் போ. பெயரில் 2 போடுகிற யாத்ரீகர்கள் எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் வருவார்கள், திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தச் சர்வருக்குக் கட்டாயம் சொல்லிக் கொடு. போன் பண்ணுவதற்குக் காரணம் வேண்டாம்.